காரம் வேறு, வலு வேறு, நெடி வேறு: சுருட்டுப் புகையிலையின் தரத்தை விவசாயியே பார்ப்பது எப்படி?

புகையிலை வாங்க வரும் வியாபாரி இலையைக் கையில் எடுத்து உதறுவார். முகர்ந்து பார்ப்பார். ஒரு துண்டைக் கிள்ளிக் கொளுத்துவார். பிறகு ஒரு விலை சொல்வார். "காரம் போதாது" என்றோ, "நெடி அடிக்குது" என்றோ ஒரு காரணமும் சொல்வார். அந்தக் காரணம் சரிதானா என்று பார்க்க விவசாயிக்குத் தெரியாவிட்டால் அவர் சொன்னதுதான் விலை.

நெல்லுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கக் கருவி இருக்கிறது. 17 சதவீதம் என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தளர்த்தச் சொல்லி மழைக்காலத்தில் கேட்கிறோம் என்றாலும், பேச ஓர் அளவு கையில் இருக்கிறது. சுருட்டு இலைக்கு அப்படி எதுவும் இல்லை. கை, கண், மூக்கு, நாக்கு, இவைதான் கருவி. ஆனால் இந்தக் கருவிகளில் நாக்கைத் தவிர மற்ற மூன்றும் விவசாயியிடமும் உண்டு. புகைக்கும் பழக்கம் இல்லாதவர் இதற்காகப் புகைத்துப் பழக வேண்டியதில்லை. தரத்தின் பெரும்பகுதியை ஓர் ஊதுபத்தியை வைத்தே சொல்லிவிடலாம்.

டெல்டாவுக்கும் சுருட்டுக்கும் என்ன தொடர்பு?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் களிமண் வயலில் புகையிலை வராது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆனால் டெல்டாவின் கடைமடையான வேதாரண்யத்து மணற்பாங்கான நிலம் பெயர் பெற்ற புகையிலை பூமி. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது தஞ்சாவூர் மாவட்டத்துச் சரக்குதான். டெல்டாவின் மேற்கு வாசலான திருச்சியில், உறையூர், சுருட்டுக்குப் பேர் போன ஊர். 'திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சரக்கு அது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிற சொல்லே நம் 'சுருட்டு'தான். இரண்டு முனையும் நேராக வெட்டித் திறந்திருந்தால் செரூட், வாயில் வைக்கும் முனை மூடியிருந்தால் சிகார் என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். நமக்கு இரண்டும் சுருட்டு.

வேதாரண்யம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் திருச்சிச் சுருட்டுக்கு இலை திண்டுக்கல் பக்கமிருந்துதான் பெரிதும் வந்தது. வேதாரண்யம் இலை வெற்றிலையோடு சேர்ந்து மெல்லப் போனது. இது தற்செயல் இல்லை, காரணம் உப்பு. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம். 1930-இல் ராஜாஜி உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தார். அந்த உப்புதான் இந்த இரண்டு ஊர்ப் புகையிலை வணிகத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948-இல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ராஜமுந்திரியில் இருந்த மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாக இருந்தது அது. ஊசிக்காப்பல், கருங்காப்பல் என்று விவசாயிகள் வைத்திருந்த பழைய ரகங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம். சுருட்டின் மேல் சுற்றும் இலைக்கு நம் பக்கத்து மண் அவ்வளவு ஏற்றதல்ல. மேலிலை மெல்லியதாக, நரம்பு தடிக்காமல், கிழியாமல் இருக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சி நிலையம் 1952-இல் மேற்கு வங்கத்தின் தின்ஹாட்டாவில் அமைந்தது. நம்முடையது உள்ளே வைக்கும் இலை. சுருட்டின் வலுவும் சுவையும் பெரும்பாலும் அந்த உள்ளிலையில்தான் இருக்கிறது.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"நல்ல காரமான சுருட்டு" என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. வியாபாரி எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக் கொள்வதுதான் முதல் வேலை, ஏனென்றால் மூன்றுக்கும் வயலில் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது வலு. இது நிகோடின். நாக்கில் தெரியாது, தலையில் தெரியும். பழக்கமில்லாதவர் வலுவான சுருட்டைப் பாதி இழுப்பதற்குள் வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும். நிகோடின் செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. பூ மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்துவிட்டால் விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும். இலை தடிக்கும், நிகோடினும் ஏறும். தழைச்சத்தை அதிகம் கொடுத்தாலும் ஏறும். எத்தனை இலையை விட்டு நுனி கிள்ளுகிறீர்கள் என்பதே வலுவைக் கூட்டவும் குறைக்கவும் கையில் உள்ள பிடி. குறைவான இலை விட்டால் ஒவ்வொன்றும் தடித்து வலுவாகும். நிறைய விட்டால் மெல்லியதாக, மிதமாக வரும்.

இரண்டாவது காரம். மிளகைக் கடித்தது போல நாக்கின் ஓரத்திலும் தொண்டையிலும் மூக்கின் உள்ளேயும் சுறுக்கென்று தெரிவது. தமிழில் ஒரு வசதி: மிளகாயின் உறைப்புக்கும் 'காரம்' என்கிறோம், மண் பரிசோதனை அட்டையில் அமிலம்–காரம் என்று வரும்போதும் அதே சொல்தான். சுருட்டில் இந்த இரண்டு காரமும் ஒன்றுசேர்கின்றன. சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலையின் புகை அமிலத்தன்மை உள்ளது. காற்றிலும் வெயிலிலும் பதப்படுத்தி, குவித்துப் புழுங்கவிட்ட சுருட்டு இலையின் புகை காரத்தன்மை உள்ளது. காரப் புகையில் இருக்கும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும். சுருட்டுக் குடிப்பவர் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமலே போதை ஏறுவது இதனால்தான். "நான் உள்ளே இழுக்கிறதில்லை, அதனால ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்.

மூன்றாவது நெடி. இது குற்றம், குணமல்ல. மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த வாடை அம்மோனியா. மாட்டுத் தொழுவத்தில் கோமியம் தேங்கிய மூலையில் வருமே, அதே வாடை. இலை சரியாகப் புழுங்கவில்லை, அல்லது தழைச்சத்து அளவுக்கு மேல் போய்விட்டது என்று பொருள். நெடியைக் காரம் என்று நினைத்துப் பெருமைப்படும் விவசாயியும் உண்டு. இருக்கும் நல்ல காரத்தை நெடி என்று சொல்லி விலையைக் குறைக்கும் வியாபாரியும் உண்டு. வேறுபாடு பிடிபட ஒரு வழி: ஒரு பிடி இலையைச் சற்றே ஈரமாக்கி, மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து முகருங்கள். அம்மோனியா இருந்தால் உடனே முகத்தில் அடிக்கும். நன்றாகப் புழுங்கிய இலையில் வெல்லப்பாகு, காய்ந்த பழம், தோல் பை போன்ற ஒரு கனத்த வாசம்தான் வரும்.

இந்த மூன்றோடு கசப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். முற்றாத இலையை வெட்டினாலும், அவசரமாக வெயிலில் காயவைத்து இலை பச்சையாகவே உலர்ந்துபோனாலும் கசப்பும் துவர்ப்பும் நிற்கும். காய்ந்த இலையில் பச்சைத் திட்டு தெரிந்தால் கொளுத்திப் பார்க்கவே வேண்டாம்.

செடியில் இலை இருந்த இடம்

கியூபா சுருட்டுக்காரர்கள் உள்ளிலையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அடி இலை வொலாடோ: சுவை குறைவு, ஆனால் நன்றாக எரியும். நடு இலை செக்கோ: மணம் இதில்தான். நுனிப்பக்கத்து இலை லிகேரோ: நிறைய வெயில் வாங்கியது, எண்ணெய்ப் பசையும் தடிப்பும் அதிகம், வலுவும் காரமும் இதில்தான், ஆனால் மெதுவாக எரியும். அதனால் லிகேரோவை எப்போதும் சுருட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் நன்றாக எரியும் இலையை வைப்பார்கள். வலுவான சுருட்டு என்றால் லிகேரோ கூடுதல் என்று அர்த்தம், அவ்வளவுதான் ரகசியம்.

நம் பக்கத்தில் செடியை முழுசாகத் தண்டோடு வெட்டிப் பந்தலில் தொங்கவிடுவதே பழக்கம். இலையைத் தண்டிலிருந்து உருவும் நேரத்தில் அடி, நடு, நுனி எல்லாம் ஒரே கட்டாகப் போய்விடுகிறது. உருவும்போதே மூன்று குவியலாகப் போடுவதற்குக் கூடுதல் ஆள் கூலி பெரிதாக ஆகாது. கலந்து கிடக்கும் கட்டுக்கு வியாபாரி கடைசித் தர இலைக்கு ஏற்ற விலையைத்தான் சொல்வார். தனியாகக் கட்டினால் நுனி இலைக்காவது நல்ல விலை கேட்கலாம். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் உடனே காசாகக்கூடிய வரி இதுதான்.

உப்பும் பொட்டாஷும்

புகையிலை எரிய வேண்டும். கொழுந்துவிட்டு அல்ல, கங்காக, விடாமல், ஒரே சீராக. இலையிலுள்ள சாம்பல்சத்து அதற்கு உதவும். குளோரைடு அதைக் கெடுக்கும். இலையின் குளோரைடு 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 2 சதவீதத்தைத் தாண்டினால் சுருட்டு அணைந்து அணைந்து போகும். பற்றவைத்த சுருட்டை நாலு தடவை மறுபடி கொளுத்தினால் சுவை எரிச்சலாகி, கரியடித்துவிடும். அப்புறம் உள்ளே எவ்வளவு நல்ல இலை இருந்தும் பலனில்லை.

வேதாரண்யத்தில் மணலில் தோண்டிய ஆழமற்ற கிணறுகளின் தண்ணீரில் உப்பு இருக்கிறது. மெல்லுகிற புகையிலைக்கு அந்த உப்பு ஒரு குறையே இல்லை. வாயில் போடும் இலைக்குச் சற்றே உவர்த்தண்ணீர் பாய்வதை விரும்புகிறவர்களும் உண்டு. சுருட்டுக்கு அதே தண்ணீர் எமன். 2004 சுனாமிக்குப் பிறகும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகும் கடலோரக் கிணறுகளை நம்பிச் சாகுபடி செய்கிறவர்கள் தண்ணீரைப் பரிசோதிக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைக் கொடுக்கும்போது உவர்நிலையோடு குளோரைடு அளவையும் பார்த்துத் தரும்படி கேளுங்கள்.

கடலோரம் இல்லாதவர்களும் தெரியாமல் வயலில் உப்பைக் கொட்டுகிறார்கள். கடையில் 'பொட்டாஷ்' என்று கேட்டால் கிடைப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். அதில் 60 சதவீதம் சாம்பல்சத்து; எடையில் கிட்டத்தட்ட பாதி, சுமார் 47 சதவீதம், குளோரின். ஒரு 50 கிலோ மூட்டை போட்டால் 23 கிலோவுக்கு மேல் குளோரின் மண்ணுக்குப் போகிறது. நெல்லுக்கு இது பிரச்சினையில்லை, தென்னைக்கு நல்லதும்கூட. சுருட்டுப் புகையிலைக்குக் கூடவே கூடாது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் போட வேண்டும். அதில் சாம்பல்சத்து 50 சதவீதம், விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலையைப் பார்த்து மியூரியேட்டைப் போட்டுவிட்டு, பிறகு இலை எரியவில்லை என்று விலையில் இழப்பது நஷ்டக் கணக்கு. முந்தைய போகத்தில் நெல்லுக்கோ வாழைக்கோ மியூரியேட் நிறையப் போட்ட நிலமாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊதுபத்திச் சோதனை

ஆய்வுக்கூடத்தில் சூடான கம்பி முனையை இலையில் வைத்து, எடுத்த பிறகு எத்தனை நொடி கங்கு நிற்கிறது என்று எண்ணுவார்கள். வீட்டில் ஊதுபத்தி போதும்.

நன்றாகப் பதப்படுத்திய இலையை எடுத்து, நடு நரம்பை விலக்கி, பக்க நரம்புகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதியைப் பாருங்கள். இலை மொறுமொறுப்பாகவும் இருக்கக் கூடாது, ஈரமாகவும் இருக்கக் கூடாது. கையில் மடித்தால் உடையாமல் மடிய வேண்டும். ஊதுபத்தியின் கங்கை அடியிலிருந்து இலையில் தொடவையுங்கள். இலை சிவந்து கங்கு பிடித்ததும் எடுத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். ஊதக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது. இரண்டு மூன்று எண்ணுவதற்குள் அணைந்தால் சுருட்டுக்கு ஆகாது. பத்தைத் தாண்டி வட்டமாகப் படர்ந்துகொண்டே போனால் நல்ல இலை. ஒரே இலையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குவியலின் வெவ்வேறு இடத்திலிருந்து பத்து இலையாவது பாருங்கள். ஐப்பசி அடைமழை நாளில் பார்த்த எண்ணையும் பங்குனி வெயிலில் பார்த்த எண்ணையும் ஒப்பிடவும் கூடாது.

அப்படியே சாம்பலையும் கவனியுங்கள். வெள்ளையாக, சாம்பல் நிறமாக, உதிராமல் நின்றால் முழுசாக எரிந்தது. கறுப்பாக இருந்தால் கரி பாக்கி. மக்னீசியம் நன்றாக உள்ள இலை வெளுத்த சாம்பல் தரும். 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே, கறுப்பாக, செதில் செதிலாக இருக்கிறது, இது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். ஆர்தர் கோனன் டாயிலுக்கு அது துப்பு. கறுத்த சாம்பல் எரிதல் குறைவு என்பதைத்தான் காட்டும் என்று நம் விவசாயிகள் சொல்லியிருப்பார்கள்.

சுருட்டாக வந்த பிறகு எப்படி மதிப்பிடுகிறார்கள்?

இலை சுருட்டானதும் அதைச் சுவைத்துத் தரம் சொல்பவர்கள் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் கொளுத்தாமல். விரல்களால் மெதுவாக அழுத்தினால் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கல் போலவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் இருந்தால் உள்ளிலை சரியாக வைக்கப்படவில்லை. குண்டூசி முனை அளவு துளை தெரிந்தால் உள்ளே வண்டு. பிறகு கொளுத்தாமலே இழுத்துப் பார்ப்பார்கள். காற்று வரவில்லை என்றால் சுருட்டு இறுகிவிட்டது. உறிஞ்ச உறிஞ்ச வாய்தான் வலிக்கும்.

கொளுத்திய பிறகு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் கவனிப்பார்கள். முதல் பங்கில் மேலிலையின் சுவையும் காரமும் முன்னால் நிற்கும். நடுப்பங்கில் எல்லா இலையும் சேர்ந்து ஒரு நிலைக்கு வரும். சுருட்டின் உண்மையான குணம் இங்கேதான். கடைசிப் பங்கில் சூடும் தாரும் நிகோடினும் சேர்ந்து வலு ஏறும். முதல் பங்கிலேயே தொண்டையைக் கிழித்தால் அது நெடி. மிளகு போலச் சுறுக்கென்று வந்து, பின்னாலேயே ஓர் இனிப்பும் மணமும் தொடர்ந்தால் அது காரம். புகையை வாயில் வைத்து, சிறிதளவை மூக்கு வழியாக விடும்போது இந்த வேறுபாடு தெளிவாகும். தொழில்முறையில் சுவைப்பவர்கள் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அதிக வேகமாக இழுத்தால் எந்த நல்ல சுருட்டும் சூடேறிக் கசக்கும் என்பதால், நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற அளவில்தான் பார்ப்பார்கள்.

'குறைந்த எண்ணிக்கை' சுருட்டு

வெளிநாட்டுச் சந்தையில் 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்று முத்திரையிட்ட சுருட்டுகள் பல மடங்கு விலைக்குப் போகின்றன. கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் 2000 முதல் ஆண்டுதோறும் இப்படிச் சில ரகங்களை வெளியிடுகிறது. தொடக்கத்தில் மேலிலை மட்டும் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருந்ததாக இருந்தது. 2007 முதல் உள்ளிலை உட்பட எல்லா இலையும் அப்படி. நிறம் கறுத்து, சுவை கனத்து இருக்கும்.

டெல்டாவில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும். பழைய அரிசிக்கு விலை கூடுதல். புகையிலையும் அப்படித்தான். குவியலில் வைத்துப் புழுங்கவிடும்போது உள்ளே சூடேறும். 45 முதல் 50 பாகை செல்சியஸை நெருங்கும்போது குவியலைப் பிரித்து, வெளியிலையை உள்ளேயும் உள்ளிலையை வெளியேயும் மாற்றிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் நடு இலை கருகிவிடும், அல்லது பூசணம் பிடிக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மோனியா வெளியேறும். நிகோடினும் கொஞ்சம் குறையும். நெடி போய் காரம் தெளிவாவது இந்தக் கட்டத்தில்தான். எடையும் குறையும் என்பதால் விவசாயிக்குக் காத்திருக்க மனம் வராது, வாங்கிய பிறகு வியாபாரி காத்திருப்பார். கடன் நெருக்கடி இல்லாதவர்கள், சரக்கில் ஒரு பகுதியையாவது ஒழுங்காகப் புழுங்கவைத்து, புழுங்காத இலையோடு சேர்த்து இரண்டு மாதிரியாக வியாபாரியிடம் காட்டி விலை கேட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் எடை இழப்பை ஈடுகட்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். குறைவாகச் செய்தது என்பதால் மட்டும் எதுவும் நன்றாக ஆகிவிடாது. எந்த ஆண்டு இலை, எத்தனை மாதம் வைத்தது என்று சொல்ல முடியாத சுருட்டுக்கு அந்தப் பெயருக்கான விலை தர வேண்டியதில்லை.

உடம்புக்கு

முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் படையலில் சுருட்டு வைக்கிறோம், தாத்தா பாட்டி காலத்திலிருந்து பார்க்கிறோம் என்பதால் சுருட்டு தீங்கில்லாதது ஆகிவிடாது. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்க்கு சுருட்டும் காரணம். ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வெற்றிலையோடு மெல்லுவதும் பாதுகாப்பானதல்ல. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

புகைக்காதவருக்கும் வயலில் ஆபத்து உண்டு. பனியில் நனைந்த பச்சைப் புகையிலையை வெறுங்கையோடு வெட்டிச் சுமந்தால் நிகோடின் தோல் வழியாக ஏறும். அன்று மாலையே தலைவலி, வாந்தி, மயக்கம். வெயில் பட்டது என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். அது நிகோடின் நஞ்சு. பனி காய்ந்த பிறகே இறங்குங்கள், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அறுவடைக்கு அழைக்க வேண்டாம். அக்னி அஸ்திரத்துக்குப் புகையிலையைக் கொதிக்கவைக்கும் இயற்கை விவசாயிகளும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மூடிய அறையில் கொதிக்கவிடாதீர்கள்.

சேமிப்பும் பக்கத்து வயலும்

சுருட்டுக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மழைக்காலத்தில் இதைத் தாண்டிவிடும், பூசணம் பூக்கும். தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் சாயாமல் அடுக்கி, மழைவிட்ட நாட்களில் காற்றாடவிட வேண்டும். புகையிலையைத் துளைக்கும் சிறிய பழுப்பு வண்டுக்கு மஞ்சள், மிளகாய், மல்லி எல்லாம் பிடிக்கும். ஒரே கொட்டகையில் இவற்றைச் சேர்த்து வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். பழைய சாக்கை உதறி வெயிலில் காயவைக்காமல் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக, புகையிலை பயிரிடாத தக்காளி, மிளகாய், கத்தரி விவசாயிகளுக்கும் ஒன்று. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தோன்றும் தேமல் நோயின் வைரஸ் காய்ந்த புகையிலையிலும், சுருட்டிலும், பீடியிலும் உயிரோடு நீண்ட நாள் இருக்கும். சுருட்டைத் தொட்ட கையோடு நாற்றுப் பறித்தால், நட்டால், கிள்ளினால் அந்தக் கையே நோயைக் கொண்டுபோகும். இதற்கு மருந்து கிடையாது. நாற்றங்காலுக்குள் சுருட்டும் பீடியும் கொண்டுபோக வேண்டாம். நாற்றைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், நடவு ஆட்களையும் கழுவச் சொல்லுங்கள்.